பதிவேடும் வாய்ச்சொல்லும்

1971ஆம் ஆண்டு, கனடாவின் மனிடோபா மாநிலத்தில் 65 வயதைத் தொட்ட அல்லது கடந்த 3,128 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களிடம் கேட்ட பல கேள்விகளில் ஒன்று மிக எளியது. உங்கள் வயதுக்கு உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மிக நன்றாகவா, நன்றாகவா, சுமாராகவா, மோசமாகவா? ஊரிலிருந்து வந்த உறவினர் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்விதான் இது. பதில் சொல்ல ஒரு நொடி போதும்.

அந்த மாநிலத்தில் மருத்துவக் காப்பீடு அரசின் கையில் இருந்தது. யார் எப்போது மருத்துவரைப் பார்த்தார், என்ன நோய்க்காகப் பார்த்தார், எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தார் என்பதெல்லாம் காப்பீட்டுக் கணக்கில் ஏறியிருந்தன. ஜேனா மோஸி, எவலின் ஷாப்பிரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் முதியவர்கள் சொன்ன பதிலையும் இந்தக் கணக்கையும் ஆளுக்கு ஆள் பொருத்தினார்கள். 1977 வரை யார் யார் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். முடிவு 1982இல் வெளியானது. வயது, பாலினம், வருமானம், ஏற்கெனவே இருந்த நோய்கள் எல்லாவற்றுக்கும் இடம்கொடுத்துக் கணக்கிட்ட பிறகும், ‘மோசம்’ என்று சொன்னவர்கள் முதல் சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, ‘மிக நன்று’ என்றவர்களைப்போல 2.93 மடங்கு இருந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் 2.77 மடங்கு. கணக்குப்படி பெரிய நோய் ஏதும் இல்லாமலே தன் உடம்பு மோசம் என்று சொன்னவர்களுக்கு இருந்த ஆபத்து, கணக்குப்படி நோயாளிகளாக இருந்தும் நன்றாக இருக்கிறேன் என்றவர்களுக்கு இருந்ததைவிட அதிகம்.

அந்த ஒற்றைச் சொல்லில் மருத்துவர்களின் கணக்குக்கு எட்டாத ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. இன்னும் நோயாகப் பெயர் பெறாத தளர்ச்சி, தன் தாய் தந்தை எந்த வயதில் எப்படிப் போனார்கள் என்ற நினைவு, பசியில் தூக்கத்தில் நடையில் வந்த மாற்றம் என எல்லாவற்றையும் கூட்டித்தான் ஒருவர் ‘சுமார்’ என்கிறார். எலன் ஐட்லரும் யேல் பெனியாமினியும் இதுபோன்ற 27 ஆய்வுகளை 1997இல் ஒருங்கே வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே செய்திதான் கிடைத்தது.

அப்படியானால் நோயாளி சொல்வதையே நம்பிவிடலாமா? முடியாது. அதற்கு வலுவான சான்று நம் பக்கத்து மாநிலத்திலிருந்தே வருகிறது. 2002இல் அமர்த்தியா சென் ஒரு மருத்துவ இதழில் இதைச் சுட்டிக்காட்டினார். உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று கேட்டால் இந்தியாவிலேயே அதிகம் பேர் ‘ஆம்’ என்பது கேரளத்தில். பிகாரில் அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு. ஆயுளோ கேரளத்தில்தான் நீளம். அமெரிக்காவில் ‘ஆம்’ என்பவர்கள் கேரளத்தையும்விட அதிகம். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அருகில் உள்ளவருக்குத் தன் உடம்பில் உள்ளது நோய் என்று தெரிகிறது. அவை எட்டாதவர் அதே உபாதையை வாழ்க்கையின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறார். வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே மருத்துவமனை கட்டுவது என்று முடிவெடுத்தால், அது ஏற்கெனவே நிறைய உள்ள இடத்துக்கே போய்ச்சேரும்.

மருத்துவ ஆய்வில் இன்று பதிவேட்டுத் தரவையும் நோயாளிகளிடம் கேட்டுப் பெறும் பதில்களையும் இணைக்கும் முயற்சிகள் பெருகிவருகின்றன. ஒன்றில் விட்டுப்போனதை இன்னொன்றால் நிரப்பிக்கொள்ளலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது சரிதான், ஆனால் பாதிதான். இரண்டும் முரண்படும் இடங்களே இந்த இணைப்பின் பெரிய விளைச்சல் என்று நான் கருதுகிறேன். முரண்பாட்டைப் பிழை என்று துடைத்துவிடுகிற ஆய்வு, கையில் கிடைத்த பொருளைத் தவறவிடுகிறது.

பதிவேடு எதற்காக எழுதப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து வரும் மருத்துவருக்காக, பில் போடுவதற்காக, காப்பீட்டுப் பணம் பெறுவதற்காக, நாளை வழக்கு வந்தால் காட்டுவதற்காக அது எழுதப்படுகிறது. ஆய்வுக்காக யாரும் எழுதுவதில்லை. ஒருவர் மருத்துவமனைப் படியேறினால்தான் அவர் பதிவேட்டில் இருப்பார். படியேறாதவர் நலமாக இருக்கிறாரா, பேருந்துக்குக் காசில்லாமல் படுத்திருக்கிறாரா என்பதை அது சொல்லாது. எழுதிக்கொடுத்த மாத்திரை அதில் இருக்கும். அவர் அதை விழுங்கினாரா, பாதியில் நிறுத்தினாரா என்பது இருக்காது.

பதிவேட்டையும் வாய்ச்சொல்லையும் இணைத்துப் பெரிய உண்மையை வெளிக்கொணர்ந்த முன்னோடி ஆய்வு கணினிக் காலத்துக்கு முந்தியது. 1951 அக்டோபரில் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரு சிறிய கேள்வித்தாளை அனுப்பினார்கள். புகைப்பீர்களா, எவ்வளவு, எப்போது நிறுத்தினீர்கள் என்பவைதான் கேள்விகள். 40,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். அவர்களில் ஆண்கள் 34,439 பேர். மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வசதி இருந்தது. அவர்கள் பெயர் பதிவேட்டில் இருப்பதால், எங்கே போனாலும் தொடர்ந்து தேடிக் கண்டுபிடிக்கலாம். பிறகு ஆய்வாளர்கள் இறப்புப் பதிவுகளுக்காகக் காத்திருந்தார்கள். 1954இல் வந்த முதல் அறிக்கையில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 36 பேர். அவர்களில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை. இறப்புச் சான்றிதழில் புகைப்பழக்கம் எழுதப்பட்டிருக்காது. கேள்வித்தாளில் இறப்பு இருக்க முடியாது. இரண்டு தாள்களும் ஒரே பெயரின் கீழ் சேர்ந்தபோதுதான் புகைக்கும் இறப்புக்குமான தொடர்பு உண்மையாகத் திரண்டது. அந்த ஆய்வு ஐம்பது ஆண்டுகள் ஓடியது. வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று 2004இல் வந்த அறிக்கை சொன்னது. முப்பது வயதில் நிறுத்தியவர்கள் ஏறக்குறைய அந்தப் பத்தையும் மீட்டுக்கொண்டார்கள். அறுபதில் நிறுத்தியவர்கள் மூன்றை.

இந்த முறை இன்று அடைந்திருக்கும் நுட்பத்தைப் பார்க்க நார்வேக்குப் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் பதினொரு இலக்க எண் உண்டு. பிறப்பு, மருத்துவமனை, மருந்துக்கடை, இறப்பு எல்லாப் பதிவகங்களும் அந்த எண்ணில் கோக்கப்பட்டவை. 1999இலிருந்து 2008 வரை அங்கே கருவுற்ற தாய்மார்கள் ஒரு பெரிய தொடர் ஆய்வில் சேர அழைக்கப்பட்டார்கள். சுமார் 95,000 தாய்மார்கள் சேர்ந்தார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்ற கேள்விகளுக்குக் கர்ப்பகாலத்திலேயே பதில் எழுதினார்கள். குழந்தைகள் வளர்ந்தார்கள். பின்னர் எந்தக் குழந்தைக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது என்பதையும் ஆய்வாளர்கள் திரட்டினார்கள். தேசிய நோயாளர் பதிவகம் அதற்குப் பெரிதும் உதவியது.

பால் சூரெனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் 85,176 குழந்தைகள் இருக்கிறார்கள். கருத்தரிப்பை ஒட்டிய வாரங்களில் ஃபோலிக் அமில மாத்திரை எடுத்த தாய்மார்களின் 61,042 குழந்தைகளில் 64 பேருக்குக் கடுமையான வகை ஆட்டிசம். எடுக்காதவர்களின் 24,134 குழந்தைகளில் 50 பேருக்கு. நூற்றுக்கு 0.10, 0.21. மற்ற வேறுபாடுகளுக்கு இடம்கொடுத்துக் கணக்கிட்டாலும் மாத்திரை எடுத்தவர்களிடம் ஆபத்து சுமார் 39 விழுக்காடு குறைவு.

இங்கேதான் கவனமான வாசகர் குறுக்கிட வேண்டும். மாத்திரை எடுக்கும் தாய் அதிகம் படித்தவராக, திட்டமிட்டுக் கருவுற்றவராக, புகைக்காதவராக இருக்கக்கூடும். காரணம் மாத்திரையா, அந்த வாழ்க்கையா? அந்த ஆய்வாளர்கள் இதை எதிர்கொண்ட விதம்தான் என்னை மிகவும் ஈர்த்தது. அதே கேள்வித்தாளில் மீன் எண்ணெய் எடுத்தீர்களா என்ற கேள்வியும் இருந்தது. மீன் எண்ணெய் எடுத்த தாய்மார்களும் அதே வகைப் பெண்கள்தான், படித்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். வாழ்க்கைமுறைதான் காரணம் என்றால் அவர்களின் குழந்தைகளிடமும் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ஃபோலிக் அமிலம் எடுத்ததற்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. தொடக்க வாரங்களில் மட்டுமே தெரிந்தது. இதனால் காரணம் நிரூபணமாகிவிடாது, ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எதிர்வாதம் கணிசமாகச் சுருங்கியது. பதிவகம் மட்டும் இருந்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்திருக்க முடியாது. மீன் எண்ணெய் எந்த மருத்துவமனைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தாய்மார்கள் முன்கூட்டியே பதில் எழுதினார்கள் என்பது சின்ன விஷயமில்லை. விளைவு தெரிந்த பிறகு கேட்டால் நினைவு வளைந்துவிடும். கருக்கலைப்பு மார்பகப் புற்றுநோயை உண்டாக்குமா என்ற சர்ச்சை இதற்குப் பெரும் பாடம். பல ஆண்டுகளாகச் சில ஆய்வுகள் ‘ஆம்’ என்றன, சில ‘இல்லை’ என்றன. 2004இல் 16 நாடுகளின் 53 ஆய்வுகள், சுமார் 83,000 புற்றுநோயாளிகளின் தரவு ஒன்றுசேர்த்து அலசப்பட்டது. நோய் வருவதற்கு முன்பே கருக்கலைப்புத் தகவல் பதிவாகியிருந்த ஆய்வுகளில் ஆபத்தின் விகிதம் 0.93, அதாவது கூடவில்லை. நோய் வந்த பிறகு பெண்களிடம் கேட்ட ஆய்வுகளில் 1.11. நோயுற்ற பெண் ‘எனக்கு ஏன் வந்தது’ என்று தன் வாழ்க்கையைத் துருவித் தேடுகிறாள், மறைத்துவைத்ததையும் சொல்லிவிடுகிறாள். நலமாக இருப்பவளுக்கு அந்நியரிடம் அதைச் சொல்ல ஒரு தேவையும் இல்லை. யாரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் உருவாகிவிடுகிறது. டென்மார்க்கில் 15 இலட்சம் பெண்களின் பதிவேடுகளை மட்டும் வைத்து 1997இல் நடந்த ஆய்வும் தொடர்பு இல்லை என்றே சொல்லியிருந்தது. இந்த இடத்தில் பதிவேடு வென்றது.

முழங்கால் வலியில் கதை திரும்புகிறது. மூட்டுத் தேய்மானத்தின் கடுமையை எக்ஸ்ரே பார்த்துத் தரம் பிரிக்கும் முறையை கெல்கிரனும் லாரன்ஸும் 1957இல் வகுத்தார்கள். இன்றும் பெரும்பாலும் அதுதான் அளவுகோல். அமெரிக்காவில் ஒரு புதிர் நெடுநாளாக இருந்தது. எக்ஸ்ரேயில் ஒரே தரத்தில் இருந்தும், கறுப்பின நோயாளிகள் வெள்ளையரைவிட அதிக வலி சொன்னார்கள். மன அழுத்தம், வறுமை என்று காலுக்கு வெளியே காரணம் தேடுவதே வழக்கமாக இருந்தது. எம்மா பியர்சன், ஸியாட் ஓபர்மையர் முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு கேள்வியைப் புரட்டிப்போட்டது. மருத்துவர் இடும் தரத்தைக் கணினிக்குக் கற்றுத்தருவதற்குப் பதிலாக, அதே எக்ஸ்ரேயிலிருந்து நோயாளி கேள்வித்தாளில் சொன்ன வலியை ஊகிக்கக் கற்றுத்தந்தார்கள். பழைய தரவரிசை அந்த வலி இடைவெளியில் 9 விழுக்காட்டைத்தான் விளக்கியது. கணினி கற்ற புதிய அளவு 43 விழுக்காட்டை விளக்கியது. வலிக்கான தடயம் முழங்காலிலேயே, அந்தப் படத்திலேயே இருந்திருக்கிறது. பார்க்கிறவர்களின் அளவுகோலுக்குத்தான் அது அகப்படவில்லை. நோயாளியின் சொல்லைச் சந்தேகித்த காலமெல்லாம் அறுவைச் சிகிச்சைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவும் அதே அளவுகோலைச் சார்ந்திருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இங்கிலாந்து 2009 ஏப்ரலிலிருந்து இந்த இணைப்பை அரசு நடைமுறையாகவே செய்தது. இடுப்பு மூட்டு மாற்று, முழங்கால் மூட்டு மாற்று, குடலிறக்கம், நரம்புச்சுருட்டு ஆகிய நான்கு அறுவைகளுக்கு முன்னும் சில மாதங்கள் கழித்தும் நோயாளியிடம் கேள்வித்தாள் தரப்பட்டது. பதில்கள் மருத்துவமனைப் பதிவோடு இணைக்கப்பட்டன. பதிவேட்டின் கண்ணில் நான்குமே வெற்றி. நோயாளியின் கண்ணில், இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பத்தில் சுமார் ஒன்பது பேர் பொது உடல்நலம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். குடலிறக்க அறுவையில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். குடலிறக்க அறுவை பிற்காலச் சிக்கலைத் தவிர்க்கவும் செய்யப்படுவதால் அது வீண் என்று முடிவுகட்டக் கூடாது. எதற்காகச் செய்கிறோம் என்று நோயாளியிடம் முன்பே நேராகப் பேச வேண்டும் என்பதற்கு அந்த எண் போதிய காரணம். குடலிறக்கத்துக்கும் நரம்புச்சுருட்டுக்குமான கணக்கெடுப்பு 2017இல் நிறுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்த வேலை இறந்தவர்களைக் கொண்டு தொடங்கியது. சென்னையில் இறப்புப் பதிவு ஏறக்குறைய முழுமையானது. எப்போது இறந்தார் என்பது தெரியும். எதனால் என்ற கட்டத்தில் ‘இதயம் நின்றது’ என்பது போன்ற, யாருக்கும் பொருந்தக்கூடிய சொற்களே பெரும்பாலும் இருக்கும். நோய்ப்பரவலியல் ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவுடன் சேர்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பப் புறப்பட்டார். 1995 முதல் 1997 வரை சென்னையில் நேர்ந்த 48,000 பேரின் இறப்பு, 1997–98இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 32,000 பேரின் இறப்பு. மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பத்து நாள் பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பினார்கள். இறந்தவரின் மனைவியிடமோ கணவரிடமோ நெருங்கியவர்களிடமோ உட்கார்ந்து, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று கேட்டு, சொன்னதைத் தமிழிலேயே எழுதினார்கள். ஒவ்வோர் அறிக்கையையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்து இறப்பின் காரணத்தைத் தீர்மானித்தார்கள். நூற்றுக்கு ஐந்து வீடுகளுக்கு மறுபடியும் போய்க் கேட்டுச் சரிபார்த்தார்கள். வாய்மொழி உடற்கூறாய்வு என்று இதற்குப் பெயர். காரணம் தெரியாத இறப்புகளின் பங்கு இதனால் வெகுவாகக் குறைந்தது.

அந்த வீடுகளில் புகைப்பழக்கம் பற்றியும் கேட்டார்கள். 43,000 ஆண்களின் இறப்பையும் உயிரோடு இருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்ட கட்டுரை 2003இல் லான்செட் இதழில் வந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப்போல நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகையிலை காரணம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. நுரையீரல் புற்றுநோயையே நினைத்துக்கொண்டிருந்த உலகத்துக்கு, பீடியும் காசமும் கைகோத்து நடக்கும் ஊர்களின் செய்தியைச் சொன்னவர்கள் சென்னையிலும் விழுப்புரத்திலும் கணவரை இழந்து உட்கார்ந்திருந்த பெண்கள்.

அந்த அறிக்கைகள் தமிழில் எழுதப்பட்டன என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் பேச்சில் வலிக்கு எத்தனை பெயர்கள்: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, எரிச்சல், சுருக்கென்று வருவது, விண்விண் என்று தெறிப்பது. கால் குடைகிறது என்பவருக்கும் கால் கடுக்கிறது என்பவருக்கும் உள்ளே நடப்பது வேறுவேறாக இருக்கலாம். கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்துக்குப் போகும்போது எல்லாம் ஒரே சொல்லாகத் தட்டையாகிவிடுகின்றன. வெளிநாட்டில் செய்த கேள்வித்தாளை மொழிபெயர்த்துத் தந்தாலும் இதே இழப்பு நேரும்.

இணைப்பதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, பதில் சொல்ல வராதவர்கள். பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் 2006 முதல் 2010 வரை ஐந்து இலட்சம் பேரிடம் கேள்விகள் கேட்டு, ரத்தம் எடுத்து, மருத்துவமனைப் பதிவுகளோடு இணைத்தது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அழைப்பு போனது சுமார் 92 இலட்சம் பேருக்கு, வந்தவர்கள் 5.5 விழுக்காடு. வந்தவர்கள் வசதி கூடியவர்கள், புகைப்பது குறைந்தவர்கள். எழுபது வயதை ஒட்டியவர்களிடையே அவர்களின் இறப்பு விகிதம் நாட்டின் பொது விகிதத்தில் ஏறக்குறைய பாதிதான். வராதவர்கள் யார் என்று சொல்ல மீண்டும் பதிவேடுதான் வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, அடையாளம் வெளிப்படுவது. 1990களில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குத் தந்தது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி இருபது டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்தி, ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவை எடுத்துக்காட்டினார். பெயரை அழித்துவிட்டோம் என்பது போதிய பாதுகாப்பு ஆகாது. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளை எல்லாம் ஒரே இடத்தில் திரட்டும் திட்டம் 2013இல் தொடங்கியது. மக்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை, யாருக்குத் தரவு போகும் என்பதும் தெளிவில்லை. எதிர்ப்பு வலுத்து 2016இல் அதைக் கைவிட்டார்கள். நோயாளி தன் உடம்பைப் பற்றி நம்பிச் சொன்ன சொல்லை அவருக்குத் தெரியாமல் இன்னொரு கணக்கில் ஏற்றுவது, அறிவியல் எவ்வளவு உயர்ந்ததானாலும், தவறு.

சொன்னவருக்கே அந்தச் சொல் பயன்பட முடியும் என்று காட்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷ் குழுவினர், முற்றிய புற்றுநோய்க்கு கீமோதெரபி பெற்ற 766 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் குமட்டல், வலி, மூச்சுத்திணறல் உள்ளிட்ட பன்னிரண்டு உபாதைகளைத் தாங்களே கணினியில் பதிந்தார்கள். நிலை மோசமானால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போனது. பத்து எச்சரிக்கைகளில் ஏழு எட்டுக்குச் செவிலியர் உடனடியாக ஏதாவது செய்தார்: ஒரு தொலைபேசி ஆலோசனை, ஒரு மருந்து மாற்றம். இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 26.0 மாதம். தங்கள் உபாதையைத் தாங்களே எழுதியவர்களுடையது 31.2 மாதம்.